இழுக்கும் வலுவும் தாங்கும் வலுவும்

வட அமெரிக்காவில் பெரிய குடும்ப எஸ்.யூ.வி. வாகனங்களை விற்பனை செய்கின்ற நிறுவனங்கள் தங்களது விளம்பரங்களில் ஒரு எண்ணை மிகவும் பெரிய எழுத்தில் அச்சிடுவது வழக்கம். அந்த வாகனம் எவ்வளவு நிறையுடைய ட்ரெயிலரை இழுக்கக்கூடியது என்பதே அந்த எண். செவ்ரொலே சபேர்பன், டாஹோ, ஃபோர்ட் எக்ஸ்பெடிஷன், டொயோட்டா செக்குவோயா, நிசான் ஆர்மாடா போன்ற வாகனங்களைப் பொறுத்தவரை, உரிய உபகரணங்களுடன் அது சுமார் 8,000 இறாத்தலில் இருந்து 9,500 இறாத்தல் வரை இருக்கின்றது. அதாவது ஏறத்தாழ 3,600 கிலோகிராமில் இருந்து 4,300 கிலோகிராம் வரை. ஏழு அல்லது எட்டுப் பேர் அமர்ந்து செல்லக்கூடிய ஒரு வாகனம் நான்கு தொன் எடையையும் பின்னால் இழுத்துக்கொண்டு செல்லும் என்று அந்த விளம்பரத்தைப் பார்ப்பவர் விளங்கிக்கொள்கிறார். விளம்பரப் படத்திலும் அவ்வாறுதான் காட்டப்படுகிறது. தந்தை ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, தாயும் பிள்ளைகளும் சிரித்த முகத்துடன் அமர்ந்திருக்க, பின்னால் ஒரு வீட்டையே ஒத்த வெள்ளை நிற ட்ரெயிலர் மலைப்பாதையில் வந்துகொண்டிருக்கும்.

அந்த எண்ணும் அந்தப் படமும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பதற்கில்லை என்பதே இக்கட்டுரையின் வாதமாகும். எண் பொய்யானதல்ல. படமும் தனியாகப் பார்த்தால் பொய்யானதல்ல. ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது வாசகர் பெறுகின்ற கருத்துத் தவறானதாகும். அந்தத் தவறான கருத்துக்கு விலை கொடுக்க வேண்டியவர்கள் பெரும்பாலும் மூன்றாவது வரிசை ஆசனத்தில் அமர்ந்திருக்கின்ற பிள்ளைகளே.

முதலில் அந்த எண் எவ்வாறு பெறப்படுகிறது என்பதைப் பார்ப்போம். நீண்டகாலமாக ஒவ்வொரு நிறுவனமும் தனக்கு விரும்பிய முறையில் சோதனை செய்து தனக்கு விரும்பிய எண்ணை அறிவித்துக்கொண்டிருந்தது. போட்டி நிறுவனம் 100 இறாத்தலைக் கூட்டினால் மறுவருடம் இந்த நிறுவனம் 200 இறாத்தலைக் கூட்டும். இந்த அவல நிலையை முடிவுக்குக் கொண்டுவருவதற்காகவே வாகனப் பொறியியலாளர்களின் அமைப்பான எஸ்.ஏ.ஈ. 2008 ஆம் ஆண்டில் ஜே2807 என்ற பொதுத் தரநியமத்தை வெளியிட்டது. அரிசோனா மாநிலத்தின் டேவிஸ் அணைக்கு அருகே 11 மைல்களுக்கும் அதிகமான தூரத்துக்கு நீண்டு செல்கின்ற ஏற்றப்பாதையில், கடும் வெப்பத்தில், குளிரூட்டியை முழு அளவில் இயக்கிக்கொண்டு, குறைந்தபட்ச வேகத்துக்குக் கீழே இறங்காமல் ஏற வேண்டும்; 12 சதவீதச் சரிவில் நின்ற நிலையில் இருந்து முன்னோக்கியும் பின்னோக்கியும் நகர வேண்டும்; குறித்த நேரத்துக்குள் மணிக்கு 60 மைல் வேகத்தை எட்ட வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகள் அதில் உண்டு. 2011 ஆம் ஆண்டு மாதிரி வாகனங்களுக்கு டொயோட்டா நிறுவனம் முதலில் இத்தரநியமத்தை ஏற்றுக்கொண்டது. அதன் விளைவாகத் தனது டன்ட்ரா பிக்கப் வாகனத்தின் விளம்பர எண்ணை அந்நிறுவனம் குறைக்கவும் நேர்ந்தது. அமெரிக்காவின் பெரு நிறுவனங்கள் தயங்கித் தயங்கி 2015 அளவிலேயே வழிக்கு வந்தன. போட்டியாளர் குறைக்காதவரை நாம் குறைப்பதில்லை என்பதே அந்தத் தயக்கத்தின் உள்ளர்த்தம்.

ஜே2807 ஒரு முன்னேற்றம் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. ஆனால் அந்தச் சோதனையின்போது குடும்ப வாகனத்தினுள் எத்தனை பேர் இருப்பதாகக் கணக்கிடப்படுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரு சாரதியும் ஒரு பயணியும் மட்டுமே. ஒவ்வொருவரும் 150 இறாத்தல், அதாவது 68 கிலோகிராம். பின் ஆசனங்கள் வெறுமையானவை. பயணப் பொதிகள் இல்லை. குளிர்பானப் பெட்டி இல்லை. நாய்க்குட்டியும் இல்லை. எட்டுப் பேருக்கென்று வடிவமைக்கப்பட்டு, எட்டுப் பேருக்கென்று விற்கப்படுகின்ற ஒரு வாகனத்தின் மிகப்பெரிய பெருமை, அதில் இரண்டு பேர் மாத்திரம் இருக்கும்போது அளக்கப்படுகிறது.

இதனால் ஏற்படுகின்ற வேறுபாடு அற்பமானதா, பாரதூரமானதா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். கணக்கைப் போட்டுப் பார்த்தால் விளங்கும்.

ட்ரெயிலரின் முழு நிறையும் அதன் சொந்தச் சக்கரங்களில் தங்குவதில்லை. அதில் ஒரு பங்கு முன்புறத்துக் கொக்கி வழியாக இழுக்கும் வாகனத்தின் மீது செங்குத்தாக அழுத்துகிறது. இதனைக் கொக்கி நிறை என்று அழைக்கலாம். வட அமெரிக்க நடைமுறைப்படி இது ட்ரெயிலரின் நிறையில் 10 முதல் 15 சதவீதம் வரை இருக்க வேண்டும். இதனை விருப்பம்போலக் குறைத்துவிடவும் முடியாது. பாரம் பின்னுக்குப் போய்க் கொக்கி நிறை குறைந்தால், ட்ரெயிலர் வேகத்தில் பாம்பைப் போல இடமும் வலமுமாக நெளியத் தொடங்கும். எமது வடக்கு, கிழக்கு விவசாயிகளுக்கு இதை எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. உழவு இயந்திரப் பெட்டியின் பின்பக்கத்தில் நெல் மூட்டைகளைக் கூடுதலாக அடுக்கினால் முன்பக்கம் தூக்கும் என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிவார்கள். உழவு இயந்திரம் மெதுவாகச் செல்வதனால் அங்கு அது பெரும்பாலும் தொல்லையுடன் முடிந்துவிடுகிறது. மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் அது உயிராபத்தாகிறது.

அந்தக் கொக்கி நிறை வாகனம் தாங்கவேண்டிய சுமையின் ஒரு பகுதியாகும். பயணிகள், பொதிகள், கொக்கி நிறை ஆகிய மூன்றும் ஒரே பணப்பையில் இருந்தே செலவழிக்கப்படுகின்றன. அந்தப் பணப்பையின் அளவு சாரதியின் கதவைத் திறந்தால் தெரிகின்ற ஒரு ஸ்டிக்கரில் எழுதப்பட்டிருக்கிறது. பயணிகளினதும் பொதிகளினதும் மொத்த நிறை இத்தனை கிலோகிராமை ஒருபோதும் தாண்டக்கூடாது என்று அதில் தெளிவாகக் குறிப்பிடப்பட்டிருக்கும். பெரிய எஸ்.யூ.வி.க்களில் அது பெரும்பாலும் 640 கிலோகிராமுக்கும் 820 கிலோகிராமுக்கும் இடைப்பட்டதாகவே இருக்கின்றது.

உதாரணத்துக்கு ஒரு வாகனத்தை எடுத்துக்கொள்வோம். விளம்பர எண் 3,700 கிலோகிராம். கதவில் உள்ள எண் 720 கிலோகிராம். பெற்றோர் இருவரும் ஆளுக்கு 80 கிலோ என்றால் 160. வளர்ந்த பிள்ளைகள் நால்வர், ஆளுக்கு 50 கிலோ என்றால் 200. பொதிகளும் உணவும் 100. கொக்கியும் அதனுடன் இணைந்த இரும்புச் சட்டங்களும் 40. மொத்தம் 500 கிலோகிராம். எஞ்சுவது 220 கிலோகிராம். கொக்கி நிறை 12 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அந்த 220 கிலோகிராமுக்கு உரிய ட்ரெயிலரின் நிறை சுமார் 1,830 கிலோகிராம். விளம்பரம் சொன்னதில் பாதியும் இல்லை.

இவ்வளவுக்கும் நாம் எந்த மிகைப்படுத்தலையும் செய்யவில்லை. படத்தில் காட்டப்பட்ட குடும்பத்தை அந்த வாகனத்தில் ஏற்றினோம். அவ்வளவுதான்.

ட்ரெயிலர் விற்பவர்களின் பக்கத்திலும் இதே வித்தைதான் நடைபெறுகிறது. அவர்களது கையேடுகளில் முதலில் கண்ணில் படுவது வெற்று நிறை. தொழிற்சாலையில் இருந்து வெளிவரும்போதுள்ள நிறை அது. தண்ணீர்த் தொட்டியில் 150 லீற்றர் நீரை நிரப்பினால் 150 கிலோகிராம் கூடும். சமையல் பாத்திரங்கள், படுக்கைகள், கதிரைகள், சைக்கிள்கள் என்று சேர்த்துக்கொண்டு போனால் மேலும் பல நூறு கிலோகிராம்கள் ஏறிவிடும். பயணத்தின்போது சக்கரங்களின் மேல் இருக்கப்போவது அந்த நிறையே. ஒரு பக்கத்தில் இரண்டு பேருடன் அளக்கப்பட்ட வாகனம். மறுபக்கத்தில் எதுவுமே இல்லாமல் அளக்கப்பட்ட ட்ரெயிலர். இரண்டு வெறுமைகளையும் சந்திக்கவைத்து, இவை ஒன்றுக்கொன்று பொருத்தமானவை என்று விற்பனையாளர் கைகுலுக்கி அனுப்பிவைக்கிறார். வாங்குபவர் பத்து, பதினைந்து வருடத் தவணைக் கடனுடன் வீடு திரும்புகிறார்.

இந்த விவகாரத்தில் அடிக்கடி முன்வைக்கப்படுகின்ற முதலாவது பதில், "எனது வாகனம் இழுத்ததே" என்பதாகும். இழுக்கும்தான். இன்றைய டர்போ இயந்திரங்களும் பத்துக் கியர்களைக் கொண்ட தானியங்கிப் பெட்டிகளும் அதைவிடக் கூடுதலாகவும் இழுக்கும். பிரச்சினை இழுப்பதில் இல்லை. வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில், எடையே இல்லாத மயிலிறகைக்கூட அளவு கடந்து ஏற்றினால் வண்டிக்கு என்ன நேரும் என்று கூறியபோது, மாட்டின் வலுவைப் பற்றிப் பேசவில்லை. அச்சைப் பற்றியே பேசினார். வண்டி தோற்பது பெரும்பாலும் இழுப்பதில் அல்ல, தாங்குவதில்தான் என்பதை மாட்டு வண்டிக் காலத்திலேயே எமது முன்னோர் அறிந்திருந்தார்கள்.

தாங்க முடியாத சுமை என்ன செய்யும்? கொக்கி, பின் அச்சுக்கும் பின்னால் இருக்கிறது. அங்கே அழுத்தம் கூடும்போது, நெம்புகோலைப் போல வாகனத்தின் முன்பக்கம் மேலே எழுகிறது. முன் சக்கரங்களின் மீதான பாரம் குறைகிறது. திசை திருப்புகின்ற சக்கரங்கள் அவை. ஆகவே திருப்பும் வலுவும், அச்சக்கரங்கள் வழங்கும் பிரேக் வலுவும் குறைகின்றன. பின் டயர்கள் தமது கொள்ளளவை எட்டிச் சூடேறுகின்றன. இரவில் முன்விளக்குகள் எதிரே வருபவரின் கண்களைக் குத்துகின்றன. இவை அனைத்தும் நேரான பாதையில், அமைதியான காற்றில், எவருக்கும் தெரியவராது. பெரிய லொறியொன்று பக்கத்தால் முந்திச் செல்லும்போது அதன் காற்று முதலில் ட்ரெயிலரைத் தள்ளி, பிறகு உள்ளிழுக்கும் அந்த ஒரு கணத்தில்தான் தெரியவரும்.

நிறுத்துவது இன்னொரு விடயம். வாகனத்தின் நிறைக்குச் சமமான ஒரு ட்ரெயிலரை இணைத்தால் நிறுத்தவேண்டிய இயக்க ஆற்றல் இரட்டிப்பாகிறது. வாகனத்தின் பிரேக்குகள் தமது சொந்தச் சுமைக்காகவே அமைக்கப்பட்டவை. ஆகவே ட்ரெயிலருக்குத் தனியான பிரேக்கும், அதனைச் சாரதியின் இடத்தில் இருந்து இயக்குகின்ற கட்டுப்பாட்டுக் கருவியும் வேண்டும். ஒன்ராறியோவில் 1,360 கிலோகிராமும் அதற்கு மேலும் மொத்த நிறையுடைய ட்ரெயிலர்களுக்குப் பிரேக் இருக்க வேண்டும் என்பது சட்டம். ட்ரெயிலர் நெளியத் தொடங்கினால் வாகனத்தின் பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், வேகமூட்டியில் இருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, ட்ரெயிலரின் பிரேக்கை மாத்திரம் கையால் மெதுவாக இயக்க வேண்டும். இது மனித இயல்புக்கு மாறானது. பதற்றத்தில் கால் தானாகவே பிரேக்குக்குப் போகும். பழகியவர்களுக்கே கைவரக்கூடிய ஒரு காரியத்தை, பழகுவதற்கு எந்த ஏற்பாடும் இல்லாத மக்களிடம் நாம் எதிர்பார்க்கிறோம்.

ஏற்பாடு இல்லை என்று கூறுவது மிகையல்ல. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில், நகரத்துக்குள் காய்கறி வாங்கச் செல்வதற்குப் பெற்ற சாதாரண சாரதி அனுமதிப்பத்திரமே இத்தகைய ட்ரெயிலரை இழுப்பதற்கும் போதுமானது. ஒன்ராறியோவில் சாதாரண ஜி வகுப்பு அனுமதிப்பத்திரத்துடன் 4,600 கிலோகிராம் வரையான ட்ரெயிலரை இழுக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுவிதி இதற்கு மாறானது. சாதாரண பி வகுப்பு அனுமதிப்பத்திரத்துடன் பாரமான ட்ரெயிலரை இழுப்பதாயின், வாகனமும் ட்ரெயிலரும் சேர்ந்து 3,500 கிலோகிராமுக்குள் அடங்க வேண்டும். அதற்கு மேல் செல்ல மேலதிக பயிற்சி அல்லது சோதனை தேவை. பிரிட்டனோ தலைகீழாகப் பயணித்தது. 1997 ஜனவரிக்குப் பின்னர் அனுமதிப்பத்திரம் பெற்றவர்களுக்கு இருந்த தனிச் சோதனையை 2021 டிசம்பரில் அது நீக்கிவிட்டது. லொறிச் சாரதிகளுக்கு அப்போது நிலவிய பற்றாக்குறையைப் போக்கச் சோதனை அதிகாரிகளின் நேரம் வேண்டும் என்பதே கூறப்பட்ட காரணம். நிருவாக வசதிக்காகப் பாதுகாப்பு ஏற்பாடொன்றைக் கைவிடுவது எளிது. அதனை மீண்டும் கொண்டுவருவது எளிதல்ல.

வேகத்தைப் பொறுத்தவரையிலும் இதே வேறுபாட்டைக் காண்கிறோம். ஜேர்மனியின் வேகவரம்பற்ற பெருந்தெருக்களில்கூட ட்ரெயிலர் இழுக்கும் கார் 80 கிலோமீற்றருக்கு மேல் செல்லலாகாது. விசேட அங்கீகாரம் பெற்றவை 100 வரை செல்லலாம். ஐரோப்பாவில் கொக்கி நிறை குறைவாக இருப்பதற்கு இடமளிக்கப்படுவதற்கும் இந்தக் குறைந்த வேகத்துக்கும் தொடர்பு உண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் ட்ரெயிலர் இழுக்கும் வாகனங்களுக்கு மணிக்கு 55 மைல் என்று வரையறுத்திருக்கிறது. வேறு பல மாநிலங்களில் தனியான வரம்பு கிடையாது. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், 100 கிலோமீற்றரில் இருந்து 80 கிலோமீற்றருக்குக் குறைத்தால் அந்த ஆற்றல் 36 சதவீதத்தால் குறைகிறது. ஒரு சதமும் செலவில்லாத பாதுகாப்பு அது.

இரண்டாவது பதில், நிறையைப் பகிர்ந்தளிக்கும் கொக்கி இருக்கிறதே என்பதாகும். அது பயனுள்ள சாதனம். உருக்குச் சட்டங்களின் விசையால் கொக்கி நிறையில் ஒரு பகுதியை முன் அச்சுக்கும், இன்னொரு பகுதியை ட்ரெயிலரின் சொந்த அச்சுகளுக்கும் அது தள்ளுகிறது. பாரமான ட்ரெயிலருக்கு அது அவசியமும்கூட. ஆனால் கதவில் எழுதப்பட்ட எண்ணை அது ஒரு கிலோகிராமாலும் கூட்டுவதில்லை. நெளிவைத் தடுக்கும் மின்னணுச் சாதனங்களுக்கும் இது பொருந்தும். அவை தவறுகளின் விளைவைக் குறைக்கக்கூடும். தவறான கணக்கைச் சரியான கணக்காக்க அவற்றால் முடியாது.

மூன்றாவது பதில், விபரங்கள் எல்லாம் கையேட்டில் இருக்கின்றன, வாசிக்காதது வாங்குபவரின் தவறு என்பதாகும். பத்திரிகைத்துறையில் நீண்டகாலம் இருந்தவன் என்ற வகையில் இந்த வாதத்தை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. எந்தச் செய்தியை எட்டுப் பத்தித் தலைப்பாகப் போடுவது, எதனைப் பக்கத்தின் அடியில் எறும்பு எழுத்தில் போடுவது என்பது தற்செயலாக நடப்பதல்ல என்பதை அச்சுத்தொழிலை அறிந்த எவரும் அறிவார். 3,700 என்பதைத் தலைப்பாக்கி, 720 என்பதைக் கதவிடுக்கில் ஒட்டியவர், வாசகர் எதனை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று தீர்மானித்த பின்னரே அவ்வாறு செய்கிறார். பத்திரிகைகளின் மோட்டார் பகுதிகளும் இந்த விடயத்தில் தம் கடமையைச் செய்வதாகத் தெரியவில்லை. வெறும் வாகனத்தைத் தனியே ஓட்டிப் பார்த்து, ஆசனத் தோலையும் தொடுதிரையையும் புகழ்ந்துவிட்டு, இழுக்கும் எண்ணை நிறுவனத்தின் தாளில் இருந்து அப்படியே எடுத்து எழுதும் விமர்சனங்களே அதிகம். பக்கத்துப் பக்கத்தில் அதே நிறுவனத்தின் விளம்பரம் இருப்பது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

ரொறன்ரோவிலும் அதன் புறநகரங்களிலும் வாழ்கின்ற எமது மக்களுக்கும் இந்த விடயம் அந்நியமானதல்ல. கோடைகாலத்தில் பூங்காக்களுக்கும் ஏரிக்கரைகளுக்கும் குடும்பமாகச் செல்லும் பழக்கம் இரண்டாம் தலைமுறையினர் மத்தியில் வேரூன்றியிருக்கிறது. எமது குடும்பங்கள் பெரிதாக இருப்பதும், அம்மம்மாவையும் சித்தப்பாவையும் விட்டுவிட்டுப் போக மனம் வராததும், போகுமிடமெல்லாம் சோற்றுப்பானையையும் அரிசிப் பையையும் கொண்டு செல்வதும் நல்ல பழக்கங்களே. ஆனால் ஆசனங்கள் நிரம்ப நிரம்பக் கொக்கிக்கு மிஞ்சுவது குறைந்துகொண்டே போகும் என்பதை மறந்துவிடக் கூடாது. எட்டாவது ஆசனத்தில் ஏறுகின்ற 70 கிலோகிராம் எடையுள்ள ஒரு உறவினர், மேற்கூறிய கணக்கின்படி, ட்ரெயிலரின் அனுமதிக்கப்பட்ட நிறையில் இருந்து 580 கிலோகிராமுக்கு மேல் குறைத்துவிடுகிறார்.

செய்யவேண்டியவை கடினமானவை அல்ல. இழுக்கும் எண் எந்த அளவு எழுத்தில் அச்சிடப்படுகிறதோ அதே அளவு எழுத்தில், எல்லா ஆசனங்களும் நிரம்பியிருக்கும்போது எவ்வளவு இழுக்கலாம் என்ற எண்ணும் அச்சிடப்பட வேண்டும் என்று சட்டம் கூற வேண்டும். இதற்குப் புதிய சோதனைக்கூடம் தேவையில்லை. கூட்டல் கழித்தல் போதும். ட்ரெயிலர் விற்பவர் வெற்று நிறையை விளம்பரப்படுத்துவதற்குப் பதிலாக முழுச் சுமையுடனான நிறையை விளம்பரப்படுத்த வேண்டும். பாரமான ட்ரெயிலரை முதன்முதலில் இழுப்பவருக்கு ஒரு நாள் செயன்முறைப் பயிற்சியாவது கட்டாயமாக்கப்பட வேண்டும். 2000 ஆம் ஆண்டில் டயர் வெடிப்புகளினால் ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரர் வாகனங்கள் புரண்டு பலர் உயிரிழந்ததன் பின்னரே அமெரிக்க காங்கிரஸ் ட்ரெட் சட்டத்தை நிறைவேற்றியது. டயர், சுமை பற்றிய அறிவிப்புகள் மக்களுக்கு விளங்கும் வகையில் திருத்தியமைக்கப்பட்டதும் அதன் பின்னரே. இன்னொரு சட்டத்துக்கும் அதேபோன்று சவப்பெட்டிகள்தான் முன்னுரை எழுத வேண்டும் என்பதில்லை.

அரசாங்கங்கள் அசையும்வரை காத்திருக்கத் தேவையில்லாத காரியமும் ஒன்று உண்டு. நெடுந்தூர லொறிகள் தரித்துச் செல்கின்ற நிலையங்களில் பொதுமக்களும் பயன்படுத்தக்கூடிய நிறுவைத் தளங்கள் இருக்கின்றன. சிறு கட்டணத்துக்கு முன் அச்சு, பின் அச்சு, ட்ரெயிலர் அச்சு என்று மூன்றையும் தனித்தனியே நிறுத்துத் தாளில் எழுதித் தருவார்கள். குடும்பத்தினர் அனைவரையும் ஏற்றி, பொதிகளையும் தண்ணீரையும் நிரப்பி, ஒருமுறை அங்கே சென்று நிறுத்து, அந்தத் தாளைக் கதவில் உள்ள எண்களுடன் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அரை மணித்தியாலம்கூட ஆகாது. கணக்குத் தவறினால் சிறிய ட்ரெயிலரை எடுக்கலாம். பாரமான பிக்கப் வாகனத்துக்கு மாறலாம். அல்லது உறவினர்களை வேறொரு காரில் வரச் சொல்லலாம். மூன்றுமே விளம்பரப் படத்தைப் போல அழகானவை அல்ல. ஆனால் மூன்றிலும் எல்லோரும் வீடு வந்து சேருவார்கள்.